பன்னிரண்டாம் அளவு

நவம்பர் 24, திங்கள்

காலையிலிருந்து மழை. நடைபாதையில் ஐஸ். வெளியே போகவில்லை.

இவருடைய ஆட்டைத்திவசம் நெருங்குகிறது. விட்பியில், மகன் வீட்டில். இவர் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது என்று எழுதினால் பொய் போல இருக்கிறது. வாங்க வேண்டியவை: எள், நெய் (நல்லது), வாழைக்காய் (முற்றல் வேண்டாம்). மருமகள் மாதுரியிடம் விட்டால் கையில் அகப்பட்டதை எடுத்து வருவாள்.

டோர்செட் பார்க்கிலிருந்து சிநேகிதி புவனம் போன். சீனியர்ஸ் சங்கம் புதன்கிழமை டவுன்டவுனுக்கு பஸ் விடுகிறதாம். காலில் போடும் சப்பாத்துக்கென்றே ஒரு மியூசியம்.

"சப்பாத்துப் பாக்க பஸ் ஏறிப் போறதோ?"

"வீட்டில இருந்து சுவரைப் பாக்கிறதிலும் நல்லம். வாங்கோ அக்கா."

சரி என்றுவிட்டேன். ஏனென்று தெரியாது. சாம்பல் நிறக் கோட்டுக்குப் பொத்தான் தைக்க வேண்டும்.

நவம்பர் 26, புதன்

வெயில். காற்று முகத்தை வெட்டுகிறது. பஸ் பிந்தியது. ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஒரே ஒரு மனிதர் செய்த சப்பாத்துகள் மட்டும் வைத்த மியூசியம். இத்தாலியர், காலமாகிவிட்டார். நடிகைகளும் இளவரசிகளும் போட்டவை. வாசலில் சங்கத்துக் கந்தையா அண்ணை குனிந்து தன் லேஸை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். "உள்ளுக்குப் போட்டுக்கொண்டு போகலாமோ?"

புவனம்: "அண்ணை, இது கோயில் இல்லை. இஞ்ச சப்பாத்துத்தான் சாமி."

எல்லோரும் சிரிப்பு. நானும்.

வேலை சுத்தம், ஒப்புக்கொள்ள வேண்டும். நான் படித்த கொன்வென்டில் சிஸ்டர் துணியைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்துத்தான் தையலுக்குப் புள்ளி போடுவா. இந்த மனிதர் தப்பியிருப்பார்.

கடைசி அறையில் மரக் கால்கள். சுவர் முழுக்கத் தட்டுகள், தட்டு முழுக்கக் கால்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருடைய பாதத்தையும் மரத்தில் செதுக்கி, அதன் மேல்தான் சப்பாத்துத் தைப்பாராம். பெயர் எழுதியிருக்கிறது. வயது போய்க் கால் வீங்கினாலோ எலும்பு புடைத்தாலோ, மரத்தில் அந்த இடத்தில் தோல் துண்டு ஒன்றை ஒட்டுவாராம். ஒரு சோடியில் ஒட்டுக்கு மேல் ஒட்டு. யாரோ ஒருத்தி கிழவியாகிப் போனது மரத்தில் தெரிகிறது. ஆட்கள் இறந்த பிறகும் ஒன்றைக்கூட எறியவில்லை என்று வழிகாட்டிப் பெண் பெருமையாகச் சொன்னாள்.

புவனம் என் காதுக்குள்: "செத்த ஆக்களின்ர கால் முழுக்க இஞ்ச நிக்குது. வாங்கோ அக்கா, வெளிய போவம்."

போகவில்லை. ஒரு பெரிய சோடிக்கு முன் நின்றேன். எனக்குப் பின்னால் இவர் நிற்பது தெரிந்தது. நடக்கும்போது எப்போதும் ஒரு அடி பின்னால்தான் வருவார். திரும்பிப் பார்த்ததே இல்லை, வருகிறார் என்று தெரியும். இன்றும் திரும்பவில்லை.

பஸ்ஸில் புவனம்: "குறை நினையாதேங்கோ அக்கா. அந்தியேட்டி அண்டு உங்கட அவருக்கெண்டு குடுத்த செருப்பு, ஐயற்ர காலுக்கெல்லோ அளவா இருந்தது. அவர் எவ்வளவு பெரிய மனிசன். அந்தச் சின்னச் செருப்போட எப்பிடி நடப்பார் எண்டு அண்டைக்கே யோசிச்சனான்."

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"உங்களிட்டயோ? ஆர் சொல்லுறது?"

அஜின்கோர்ட்டில், என் வீட்டடியில், இறங்கிவிட்டேன்.

நவம்பர் 27, வியாழன்

இருட்டான பகல். உடுப்புக் கழுவினேன். இரத்த அழுத்த மருந்து முடியப் போகிறது.

முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக்கு, ஐயருக்குத் தானம் கொடுக்கும் குடையும் செருப்பும் போகிறவரின் வழிக்கு. கை நீட்டி வாங்குவது ஐயர், போட்டு நடப்பது இறந்தவர். அதுதான் நம்பிக்கை. என் நம்பிக்கையா? பேய் என்று சொன்னதற்காகக் கொன்வென்டில் முட்டுக்காலில் நிறுத்தப்பட்டவள் நான். இந்த விசர்க் கதைகள் எனக்கில்லை.

ஆனால் பாத்திரம் கழுவும்போது பின்னால் சத்தம். சின்னச் செருப்புக்குள் பெரிய கால், குதி வெளியே தொங்கி நிலத்தில் அடிபடுகிறது. தட். நிற்கிறது. தட். குழாயை மூடினேன். நின்றது.

மேல் வீட்டுக்காரராக இருக்கும். மேல் வீடு காலி.

மகனுக்கு போன். "அப்பாவின்ர சப்பாத்து என்ன சைஸ்?"

"அம்மா, வேலையில நிக்கிறன். ஏன் இப்ப?"

"அந்தியேட்டிக்குக் குடுத்தது அளவில்லை."

"அது சும்மா ஒரு சிம்பலம்மா."

"தகப்பன்ர கால் அளவு தெரியாதோ உனக்கு?"

"உங்களுக்குத் தெரியுமோ?"

வைத்துவிட்டேன்.

தெரியாது. சேட்டுக் கழுத்தளவு தெரியும். தேத்தண்ணிக்குச் சீனி தெரியும். சப்பாத்து மட்டும் தானே போய் வாங்குவார். இருந்ததையெல்லாம் மகன் அப்போதே டொனேஷன் பெட்டியில் போட்டுவிட்டான்.

பின்னேரம் மாதுரியின் போன். தயங்கித் தயங்கி. "மாமி, மாமாவின்ர ஸ்னோ பூட்ஸ் ஒரு சோடி எங்கட கராஜில கிடக்கு."

நவம்பர் 29, சனி

விட்பி. மகன் வந்து ஏற்றினான். காரில் ரேடியோவைக் கூட்டிவைத்தான்.

பூட்ஸ் புல்வெட்டும் மெஷினுக்குப் பின்னால், தூசியோடு. லேஸுக்கு அடியிலிருக்கும் நாக்கில் அச்சடித்திருந்தது: 12. நான் பத்து இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

கை விட்டேன். அடியில் கிடக்கும் கம்பளித் தகடு கையோடு வந்தது. அதில் இவருடைய பாதம். ஐந்து விரலுக்கும் ஐந்து குழி, குதிக்கு ஒரு பெரிய பள்ளம். தோல் ஒட்டிய அந்த மரங்களைவிடத் துல்லியம். வாசனைகூட இருந்தது. கராஜுக்குள் யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் முகர்ந்தேன்.

மாதுரி பின்னாலேயே நின்றிருக்கிறாள். "மாமி, அண்டைக்கு ஐயரிட்ட அளவு கேட்டது நான்தான். அவர்தானே போடப் போறார், அளவில்லாட்டி எறிஞ்சுபோடுவார் எண்டு நினைச்சன். மாமாவை யோசிக்கேல்ல."

"நீ யோசிச்சதும் சரிதான் பிள்ளை." சரியோ தெரியாது. ஆனால் சொன்னேன்.

தானத்துக்குப் புதிதுதான் வேண்டும். அவளே கடைக்குக் கூட்டிப் போனாள். செருப்புகள் இல்லை, கோடை முடிந்துவிட்டது. ஸ்னோ பூட்ஸ் மட்டும். பன்னிரண்டில் ஒரு சோடி எடுத்தேன். விற்கும் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள், உங்கள் கணவருக்கா என்று. ஆம் என்றேன். அளவு சரிவராவிட்டால் அவரையே கூட்டி வாருங்கள், மாற்றித் தருகிறோம் என்றாள்.

மாதுரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடச் சொல்லவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

குளிர் கூடிவிட்டது. ஐயருக்கு போன். கேட்க வெட்கம். செருப்புத் தானம் இன்னொருக்காக் கொடுக்கலாமோ என்று கேட்டேன்.

"ஆட்டைத்திவசத்துக்கு உது கட்டாயமில்லை அம்மா. குடுத்தாப் பிழையில்லை."

"செருப்பில்லை ஐயா. ஸ்னோ பூட்ஸ். பன்னிரண்டு."

"எனக்கு ஏழம்மா."

"தெரியும். அது உங்களுக்கில்லை."

"விளங்குது அம்மா. தோல் இல்லாட்டிச் சரி."

றப்பர்தான்.

பழைய தகடுகள் இரண்டும் மேசையில். புது பூட்ஸில் இருப்பவை தட்டை, யாருடைய காலும் இல்லாதவை. பழையதை உள்ளே போட்டுக் கொடுத்தால் இவருக்குப் பழகியபடி இருக்கும், வலியில்லாமல் போவார். போட்டால் எனக்கென்று இவர் கால் இராது.

மியூசியக்காரர் ஒருவரையும் போக விடவில்லை. தட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நானும் வைக்கலாம், அலமாரியில். அப்போது அந்தச் சத்தமும் இருக்கும். இன்றும் கேட்டது, குளியலறை வாசல் வரை. சின்னச் செருப்போடு, நொண்டி நொண்டி, என் காலம் முடியும் வரை பின்னால் வருவார். அது எனக்கு வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

டிசம்பர் 6, சனி

மகனின் கார் வருமுன் தகடுகளைப் புது பூட்ஸுக்குள் போட்டேன். வலது உடனே படிந்தது. இடது மடிந்தது. கை விட்டு நிமிர்த்தினேன். இவருடைய விரல் குழிகளுக்குள் என் விரல்கள். கொஞ்ச நேரம் அப்படியே.

கிரியை ஒழுங்காக நடந்தது. வாழைக்காய் நல்லது, மாதுரிக்குச் சொன்னேன். மகன் தானம் கொடுக்கும்போது ஐயர், "அம்மாவும் ஒருக்காத் தொட்டு விடுங்கோ" என்றார். தொட்டேன். "அம்மா, கையை எடுங்கோ," என்றான் மகன். எடுத்தேன்.

சாப்பாடு முடிய வெளியே பனி கொட்டிக்கிடந்தது. ஐயர் வந்தது வெறும் செருப்போடு. கார் ரோட்டுக்கு அந்தப் பக்கம். வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

"இதையே போட்டுக்கொண்டு போகட்டோ அம்மா?"

"போடுங்கோ ஐயா."

சின்ன மனிதர். பூட்ஸ் கழன்றுவிடாமல் காலை அகட்டி, மெதுவாக, பாரமாக நடந்தார். அது ஐயருடைய நடை இல்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு முன்னால் இவர் நடந்து இன்றுதான் பார்க்கிறேன்.

கார் போய்விட்டது. வாசலிலிருந்து ரோடு வரை பெரிய அடிகள். எல்லாம் வெளியே போகிறவை.

மாதுரி சவலோடு வந்தாள், ஆட்கள் வழுக்கி விழப் போகிறார்கள், பனியைத் தள்ள வேண்டும் என்று.

"கொஞ்சம் பொறு பிள்ளை," என்றேன்.