விசையைத் தொடாத விரல்

14 நவம்பர் 2024, வியாழன்

வேலை முடிந்து நேரே ஃப்ராவ் ஓட் என்ற பெண்மணியின் துவக்குக் கடைக்குப் போனேன். வேட்டை அனுமதி கிடைத்து ஐந்து மாதமாகிறது, இன்னும் எனக்கென்று ஒரு துப்பாக்கி இல்லை. அவர் மேசையில் மூன்றை எடுத்து வைத்தார். மூன்றும் பின்னாலுள்ள தாழை இழுத்துக் குழலில் ரவை, அதாவது தோட்டா, ஏற்றுகிற வகை. வித்தியாசம், தவறி வெடிக்காமல் தடுக்கும் காப்புப் பூட்டில்தான்.

முதலாவதில் பின்பக்கம் சிறகுபோல ஒரு செட்டை. திருப்பினால் ரவையை அடிக்கும் ஊசியையே பிடித்துக்கொள்கிறது. முரடு. 'டக்' என்று சத்தமும் போடும், பன்றிக்குக் கேட்டுவிடும். இரண்டாவது, பெருவிரலால் தள்ளும் சின்னப் பூட்டு. சத்தமில்லை, வேகம். ஆனால் அது தடுப்பது விசையை மட்டும்தான். உள்ளே சுருள்வில் முழு இறுக்கத்தோடு காத்துக்கொண்டே இருக்கிறது. மூன்றாவதில் சுடப்போகும் நொடியில்தான் பெருவிரலால் தள்ளி வில்லை இறுக்க வேண்டும். அதுவரை அது வெறும் இரும்பு.

எது நல்லது என்று கேட்டேன். "உங்கள் கைக்குப் பழகியது" என்றார். இது ஒரு பதிலா? தொழிற்சாலையில் நாள் முழுக்க மில்லிமீற்றரில் நூறிலொரு பங்கை அளக்கிறவள் நான். பழக்கத்தை நம்பி ஒரு துண்டைக்கூட நான் வெளியே விட்டதில்லை.

சனிக்கிழமை வேட்டைக்குக் காட்டின் குத்தகைக்காரர் கெர்ஸ்லர் தன் பழைய துவக்கு ஒன்றை இரவல் தருகிறாராம். அதுவும் அந்த இரண்டாவது வகை: தள்ளுபூட்டு.

15 நவம்பர்

அப்பா: "யுத்தத்திலை துவக்குக்குப் பயந்துதான் இஞ்ச ஓடி வந்தனாங்கள். நீ வேட்டைச் சோதினை எழுதிப் பாஸ் பண்ணி அதைத் தோளிலை போடுறாய்." வேட்டைக்குப் போடும் தோல் சப்பாத்துக்கு எண்ணெய் பூசினேன்.

16 நவம்பர், சனி

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வேட்டை முடிந்ததென்று கொம்பு ஊதிவிட்டார்கள். பன்றியைக் கிளப்ப நாய் கொண்டுவரும் உல்ரிக்க என்பவள் பற்றைப் புதருக்குள்ளிருந்து நாயோடு வெளியே வந்தாள். என்னிடமிருந்து ஐந்து அடிதான் இருக்கும். ரவையைக் கழற்ற வேண்டும். அந்தத் துவக்கில் பூட்டைத் திறந்தால்தான் தாழை இழுக்க முடியும். குழலை ஈரமண்ணுக்கு நேரே பிடித்தேன். பெருவிரலால் பூட்டைத் தள்ளினேன் –

வெடித்தது.

சேறு என் முகத்தில். நாய் ஊளையிட்டது. காயமில்லை, யாருக்கும் இல்லை. என் சுட்டுவிரல் விசைக்கு வெளியே, மரக்கட்டையோடு நீட்டியபடி இருந்தது. இருந்தது! எனக்குத் தெரியும்.

கெர்ஸ்லர் வந்து துவக்கை வாங்கிக்கொண்டார். தோளில் தட்டினார். "விரல் பட்டிருக்கும். புதியவர்களுக்கு நடப்பதுதான். நான் யாருக்கும் சொல்லமாட்டேன்." பிறகு குளிர்காய மூட்டிய நெருப்படியில் மற்றவர்களிடம் சிரித்துக்கொண்டு, "அவர்கள் ஊரில் பூட்டே போடுவதில்லைப்போல." எல்லோரும் சிரித்தார்கள். உல்ரிக்க சிரிக்கவில்லை. வாயும் திறக்கவில்லை.

என் ஊர் ஸ்டுட்கார்ட். பிறந்தது இங்கே, படித்தது இங்கே.

செய்யாத பிழைக்கு எனக்கு மன்னிப்பாம். வேண்டாம். அதை அவரே எடுத்துக்கொண்டு போகட்டும்.

17 நவம்பர்

கெர்ஸ்லருக்கு ஃபோன் எடுத்தேன். துவக்கைச் சோதிக்கக் கொடுங்கள் என்றேன். முப்பது வருடமாகச் சுடுகிற துவக்காம். டிசம்பர் ஏழாம் தேதி வேட்டைக்கு அவருடைய மகள் அதைத்தான் கொண்டுபோகிறாளாம். "இதைப் பெரிதாக்கினால் உங்கள் அனுமதிதான் போகும்" என்றார். அக்கறையோடு சொன்னாரா, மிரட்டினாரா? இரண்டும்தான்.

மகள். ஏழாம் தேதி.

18 நவம்பர், திங்கள்

வேட்டை அனுமதி தந்த அலுவலகத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். இடம், நேரம், என் பெயர், துவக்கின் வகை, பூட்டு எப்போது தள்ளப்பட்டது, விரல் எங்கே இருந்தது. மாலை அலுவலகத்திலிருந்து ஒருவர் ஃபோன் எடுத்தார். குழம்பிப்போயிருந்தார்.

"நீங்கள் உங்கள்மேலேயே புகார் செய்கிறீர்களா?"

"நடந்ததைச் சொல்கிறேன். துவக்கைச் சோதியுங்கள். பிழை என்னுடையதென்றால் அனுமதியை எடுத்துக்கொள்ளுங்கள்."

ஃபோனை வைத்துவிட்டு அனுமதிப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை பாஸ் பண்ணிய சோதனை. போகட்டும். பொய்யோடு வைத்திருக்கிற கடதாசி எனக்கு எதற்கு?

20 நவம்பர்

அம்மா அழுதபடி. "ஏன் பிள்ளை வீண் வில்லங்கம்? அந்தாள் விட்டிட்டான்தானே. பேசாமல் இரு."

"ஏலாது அம்மா."

அப்பா பத்திரிகையை மடித்து வைத்தார். எனக்காகப் பேசப்போகிறார் என்று நினைக்கவேயில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்: "பூட்டியிருந்த துவக்கு எப்பிடி வெடிக்கும்?"

வில்லும் அம்பும் வைத்துச் சொன்னேன். நாணை முழுக்க இழுத்து வைத்திருக்கிறவனின் விரலைக் கயிற்றால் கட்டுவது தள்ளுபூட்டு. விரல் ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருந்தால் கயிற்றை அவிழ்த்ததும் அம்பு போய்விடும். செட்டைப்பூட்டு அம்பையே பிடிக்கும். மூன்றாவது வகையில் தேவை வரும்வரை நாணையே இழுப்பதில்லை.

அப்பா வெறுங்கையால் ஒரு நாணை இழுத்துப் பார்த்தார். "அப்ப நாணை இழுக்காததுதான் திறம்."

"ஓம்."

"அப்ப அந்தாளின்ரை மகளுக்கு ஆர் சொல்லுறது?"

"அதுக்குத்தான் எழுதினனான்."

தலையாட்டினார். அவ்வளவுதான்.

26 நவம்பர்

உல்ரிக்க எனக்கு ஃபோன் எடுத்தாள். "உங்கள் விரல் நீட்டியபடி இருந்தது. நான் பார்த்தேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்."

"ஆமாம். சொல்லியிருக்க வேண்டும்" என்றேன். பரவாயில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். பரவாயில்லை இல்லையே. அலுவலகத்துக்கு எழுதுவதாகச் சொன்னாள்.

3 டிசம்பர், செவ்வாய்

சோதனை. ஃப்ராவ் ஓட்டிடம்தான் அலுவலகம் துவக்கை அனுப்பியது. கெர்ஸ்லர் கையைக் கட்டிக்கொண்டு சுவரோடு. நான் மறுபக்கம். ஃப்ராவ் ஓட் வெடிக்காத வெற்று ரவை போட்டார். பூட்டு. பின் பெருவிரலால் தள்ளல். ஒன்றுமில்லை. இரண்டாம் தடவை ஒன்றுமில்லை. மூன்று, நான்கு – கெர்ஸ்லர் என்னைப் பார்த்தார். ஐந்து.

'டிக்.'

யாரும் விசையைத் தொடவில்லை. எட்டாம் தடவையும் 'டிக்'. பிரித்துப் பார்த்தார். யாரோ எப்போதோ விசை இலகுவாக இருக்கட்டுமென்று ஊசியைத் தாங்கும் பல்லை அரத்தால் ராவியிருக்கிறார்கள். மிச்சமும் தேய்ந்துபோய், சில தடவைகளில் பூட்டு மட்டுந்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

கெர்ஸ்லர் மன்னிப்புக் கேட்கவில்லை. முகம் மட்டும் சாம்பலாக இருந்தது. "மகள்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். கதவு வரை போய்த் திரும்பி, "இனி என் காட்டுக்கு உங்களை அழைப்பது சரிவராது" என்றார்.

"தெரியும்" என்றேன்.

13 டிசம்பர்

அலுவலகத்தின் கடிதம். அனுமதி என்னுடையதே. நான்கு வரி.

11 ஜனவரி 2025, சனி

வேறு காடு. அரச வனம், வேட்டையை நடத்துவது ஒரு பெண் வன அதிகாரி. பட்டியலில் என் பெயரை வாசித்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். கதை இங்கும் வந்துவிட்டது. திருப்பி அனுப்பப்போகிறார் என்று நினைத்து நிமிர்ந்து நின்றேன்.

"கொம்பு ஊதியதும் உங்கள் வரிசையில் எல்லாருடைய தாழும் திறந்து ரவை வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்து வருவீர்களா?"

பன்றி ஒன்றும் என் பக்கம் வரவில்லை. ஊதியதும் நடந்தேன். மூவர் நான் வருமுன்பே திறந்துவிட்டார்கள். கடைசியில் ஒரு வயதானவர், துவக்கு தோளில், தாழ் மூடியபடி.

"பூட்டியிருக்கிறது" என்றார். "நாற்பது வருடமாக வேட்டையாடுகிறேன், பெண்ணே."

நான் விலகவில்லை. பனி தூவிக்கொண்டிருந்தது. அவசரம் அவருக்குத்தான்.

தாழை இழுத்தார். ரவை ஒன்று இலைகளுக்குள் விழுந்தது. அவரே குனிந்து எடுத்தார்.