செப்டம்பருக்கே எண்ணத் தெரியாது

அம்மா,

இரண்டாயிரம் ஆண்டுகளாக உலகம் தப்பான மாதத்தில் வாழ்ந்துவருகிறது. சிதம்பரத்தில் இதைக் கண்டுபிடித்தவன் நான் ஒருவன்தான். லத்தீனில் செப்டெம் என்றால் ஏழு. பழைய ரோமாபுரியில் மார்ச் முதல் மாதம், செப்டம்பர் ஏழாவது. அப்புறம் ஜனவரியும் பிப்ரவரியும் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டன. பெயரை யாரும் மாற்றவில்லை. ஏழு என்ற பெயரோடு செப்டம்பர் ஒன்பதாவது இடத்தில் நிற்கிறது; டிசம்பர் என்றால் பத்து, அது பன்னிரண்டில். மாதத்தையே எண்ணத் தெரியாத காலண்டரா எனக்கு நேரம் சொல்வது?

நேற்றும் இதைத்தான் சொன்னேன். “திங்கக்கெழம ஏழரைலேர்ந்து ஒம்பது ராகுகாலம்டா, அப்ப கெளம்பாத. ஏற்கெனவே மூணு இன்டர்வியூல திருப்பி அனுப்பிட்டாங்க” என்றாய். நான் சிரித்தேன். அதற்காகக் காலையில் முகத்தைக்கூடப் பார்க்காமல் சத்துணவுக் கூடத்துக்குப் போய்விட்டாய்.

இட்லி சாப்பிட்டேன். உனக்கு நாலு இட்லி மூடி வைத்திருக்கிறேன். சாவி ஆரோக்கியம்மாள் அக்கா வீட்டில் இருக்கும். சிலிண்டர் வந்தால் அவரே வாங்கி வைப்பார்.

பி.கு.: சட்டையைத் தேய்த்து முடிக்கவே ஏழே முக்கால் ஆகிவிட்டது. கடலூரில் இன்டர்வியூ பதினொன்றரைக்குத்தான். பஸ்ஸில் கூட்டம் குறையட்டும் என்று ஷூ போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொன்று: இப்போது எட்டரை. வாசலில் இரண்டு பஸ் காலியாகப் போய்விட்டன. எனக்கு இன்னும் காலியான பஸ் வேண்டும். அது ஒன்பதுக்கு மேல்தான் வரும்.