பால் காய்ச்சியது வீட்டை ஒப்புக்கொண்டதாகாது

அனுப்புநர்
தி. தேவயானி (வயது 27),
பெருமாள் கோயில் தெரு, சாலவாக்கம்,
உத்திரமேரூர் வட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: உத்திரமேரூர் ‘அந்திச்சோலை’ முதியோர் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் அமைக்காமலேயே வயதானவர்களை மேல்மாடியில் குடியேற்றியது குறித்து விசாரிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 10.02.2025 அன்று காலை, என் பெரியப்பாவும் பெரியம்மாவும் மேற்படி குடியிருப்பின் இரண்டாம் மாடியில் பால் காய்ச்சினார்கள். நானும் அங்கே இருந்தேன். “லிஃப்ட் எங்கே?” என்று நான் கேட்கவில்லை. முட்டிவலி உள்ள பெரியம்மா இந்தப் படிகளை தினமும் எப்படி ஏறி இறங்குவார் என்றும் கேட்கவில்லை. குடும்பத்தார் யாரும் அன்று எந்தக் குறையும் சொல்லவில்லை என்று கட்டுமான நிறுவனம் இப்போது எழுத்துமூலம் பதில் தந்திருக்கிறது. அது உண்மைதான். ஏன் சொல்லவில்லை என்பதைத் தங்களிடம் பதிவு செய்ய விரும்புகிறேன்.

2. பெரியப்பா வீராசாமிக்கு வயது 74, பெரியம்மா சொக்கம்மாளுக்கு 69. பிள்ளைகள் இல்லை. சாலவாக்கத்தில் இருந்த வீட்டை விற்றுத்தான் இந்த வீட்டை வாங்கினார்கள். நான் ஏறி இறங்கிய அலுவலகங்களில் எல்லாம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி, “இருந்த வூட்ட ஏம்மா வித்தாங்க?” என்பதே. பழைய வீட்டில் கழிவறை கொல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது. மழைக்காலத்தில் பெரியம்மா அங்கே இரண்டுமுறை வழுக்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். அந்திச்சோலையில் இருந்து அரசு மருத்துவமனை நடக்கும் தூரம். “பைப்பத் திறந்தா தண்ணி வருது, ஆஸ்பத்திரி எதிர்க்கவே கீது, எனக்கு வேற இன்னா வேணும்?” என்றுதான் பெரியம்மா அந்த வீட்டுக்குச் சம்மதித்தார். ஊரைவிட்டு வந்ததற்காக அவர் ஒருநாளும் வருந்தியதில்லை. வயதான இருவர் யோசித்து எடுத்த நல்ல முடிவு அது. முடிவில் பிழை இல்லை, ஐயா. அவர்களுக்குச் சொல்லப்பட்ட தகவலில்தான் பிழை.

3. அந்தத் தகவல் கிடைத்த இடம், உத்திரமேரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இந்த நிறுவனம் நடத்திய ‘முதியோருக்கான இலவச வீட்டு ஆலோசனை முகாம்’. வாடகைக்குப் போகலாமா, சொந்தமாக வாங்கலாமா, எந்த மாடி நல்லது என்று கேட்கத்தான் இருவரும் போனார்கள். அங்கே ஆலோசனை சொன்னவர் நிறுவனத்தின் விற்பனை மேலாளர் ஸ்ரீகாந்த். தரைத்தளம் வேண்டும் என்று பெரியப்பா கேட்டதற்கு, “கீழ கொசு, பாம்பு எல்லாம் வரும்பா. மேல காத்து பிச்சிக்கினு வரும். லிஃப்ட் கீது, அம்மா மகாராணி மாதிரி வந்து போலாம்” என்று அவர் சொன்னதாகப் பெரியப்பா சொல்கிறார். பத்திரம் பதிவாகும்வரை அவர் பெரியப்பாவை ‘அப்பா’ என்றுதான் அழைத்தார். பதிவான பிறகு ‘பெரியவரே’ என்று அழைக்கத் தொடங்கினார்.

4. தை மாதம் முடியுமுன் பால் காய்ச்சிவிடலாம் என்று நாள் பார்த்துச் சொன்னவரும் ஸ்ரீகாந்த்தான். மாசியிலும் பங்குனியிலும் இந்தப் பகுதியில் யாரும் புதுவீடு புகுவதில்லை. தையை விட்டால் சித்திரை. பழைய வீட்டையோ மாசிக்குள் காலி செய்து தர வேண்டியிருந்தது. பூச்சு காயாத வீட்டிலும், கதவு வைக்காத வீட்டிலும் நல்ல நாள் தவறக்கூடாது என்று பால் காய்ச்சிவிட்டு, மிச்ச வேலை முடிந்தபின் குடிபோவது எங்கள் ஊர்களில் சாதாரணமாக நடப்பது. தங்கள் அலுவலகப் பணியாளர்களில் பலரும் அப்படிச் செய்திருப்பார்கள். பால் காய்ச்சுவது நல்ல நேரத்தைப் பிடித்து வைப்பதற்காக. வீடு முடிந்துவிட்டது என்று சான்று தருவதற்காக அல்ல.

5. அன்று லிஃப்ட் வரவேண்டிய இடத்தில் ஒரு பிளைவுட் பலகையைச் சாத்தி, அதன்மேல் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். நான் பலகையைப் பார்த்தேன். பெரியப்பாவும் பார்த்தார். பால் பொங்கும் நேரத்தில் வீட்டைப் பற்றிக் குறை பேசக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அப்படிப் பேசினால் அது அந்த வீட்டிலேயே தங்கிவிடும் என்பார்கள். இதில் எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்பது இங்கே கேள்வி இல்லை. நம்பிக்கை உள்ள இருவரின் வீட்டில் நான் நின்றுகொண்டிருந்தேன். சர்க்கரை போட்ட பாலை வாங்கிக் குடித்தேன். நிறுவனத்தின் ஆள் படம் எடுத்தார்.

6. ஒரு மாதத்தில் லிஃப்ட் வந்துவிடும் என்ற பேச்சை நம்பி மாசியில் சாமான்களை ஏற்றினார்கள். வைகாசியில் பெரியம்மா படியில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கி இறக்கினார்கள், திரும்பியதும் அப்படியே ஏற்றினார்கள். படியே ஏறக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் கீழே வரவில்லை. எதன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வீட்டை விற்று வந்தாரோ, அந்த மருத்துவமனையை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மனுவில் எழுதத் தக்கதா என்று தெரியவில்லை, ஆனால் அவர் சொல்வது இது: “பாலு நல்லாத்தான் பொங்குச்சு. லிஃப்ட்டுதான் பொங்கல.”

7. தரைத்தளத்தில் முன்பக்க வீட்டைக் குளிர்சாதனம் வைத்து விற்பனை அலுவலகமாக நடத்துகிறார்கள். லிஃப்ட் வரும்வரை அதை மாற்றித் தரும்படி பெரியப்பா கேட்டார். “உங்கள மேல உக்கார வெச்சது மரியாதைதான் பெரியவரே” என்று சிரித்தாராம் ஸ்ரீகாந்த். அதன்பின் நான் எழுதிய கடிதத்துக்கு வந்த பதிலில், குடும்பத்தினர் மகிழ்ச்சியுடன் பால் காய்ச்சிக் குடியேறியதால் வீடு முழுமையாக ஒப்படைக்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று உள்ளது. ஆதாரம், அன்று எடுத்த படம். அதே படம் உத்திரமேரூர் பஸ் நிலையத்தின் எதிரில் பேனராகவும் தொங்குகிறது. பொங்கும் பாலைப் பார்த்துப் பெரியம்மா சிரிக்கிறார். கீழே ‘எங்கள் மகிழ்ச்சியான பெற்றோர்’ என்று எழுதியிருக்கிறது. ஏனாத்தூரில் வேலை பார்க்கும் நான், சனிக்கிழமைதோறும் அவரைப் பார்க்க வரும்போது அந்த பேனரைத் தாண்டித்தான் போகிறேன். அதைப் பார்த்து இன்னும் எத்தனை பேர் அந்த முகாமுக்குப் போகிறார்களோ, தெரியவில்லை.

8. ஆகவே, தங்கள் அதிகாரிகளை நேரில் அனுப்பி அந்தக் கட்டடத்தைப் பார்வையிடச் செய்யவும், லிஃப்ட் இயங்கும்வரை தரைத்தள வீட்டை என் பெரியப்பா, பெரியம்மாவுக்கு ஒதுக்க உத்தரவிடவும், அந்த பேனரை அகற்றச் செய்யவும் வேண்டுகிறேன். இன்னொன்றும் கேட்கிறேன். வயதான காலத்தில் வீடு மாறுகிறவர்கள் விற்பவரிடமே ஆலோசனை கேட்கும் நிலை இருக்கிறது. எந்தத் தளம், என்ன சான்று, எதைக் கண்ணால் பார்த்தபின் கையெழுத்திடுவது என்று சொல்ல வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரத்தில் ஒருநாள் ஒருவரை உட்காரச் செய்தால் போதும்.

என் பெரியம்மா தன் காலால் தெருவில் இறங்கி நடக்கத் தாங்கள் வழிசெய்வீர்கள் என்று நம்பி இதை அனுப்புகிறேன்.

நாள்: 23.11.2025
இடம்: உத்திரமேரூர்

இப்படிக்கு,
(ஒப்பம்) தி. தேவயானி

இணைப்பு: நிறுவனத்தின் பதில் கடித நகல், மருத்துவர் சீட்டு நகல், பிளைவுட் பலகையின் படம்.

பின்சேர்க்கை (24.11.2025, திங்கள் காலை): இந்த மனுவை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் கிளம்பும் நேரத்தில் எதிர்வீட்டில் பால் காய்ச்ச ஒரு வயதான தம்பதி வந்தார்கள். பேனரில் பார்த்த முகம் என்று அந்த அம்மாள் பெரியம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். அடுப்பு பற்றவைத்தாயிற்று. ஸ்ரீகாந்தும் படம் எடுப்பவரும் பக்கத்தில் நின்றார்கள். பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து, “நல்ல நேரத்துல சொல்றனேன்னு நெனைக்காதம்மா. அந்தப் பலகைக்குப் பின்னால லிஃப்ட்டு கெடையாது, வெறும் பள்ளம்தான் கீது. நான் எறங்கி ஆறு மாசம் ஆவுது” என்றார். அந்த அம்மாளின் கணவர் போய்ப் பலகையை நகர்த்திப் பார்த்தார். பால் பொங்குமுன் அடுப்பை அணைத்துவிட்டு, இருவரும் படியிறங்கிப் போனார்கள்.