நாலு இஞ்ச் சுவரில் ஒரு வாஷ்பேசின்

ஜூலை 4, செவ்வாய்

காற்று. காலையிலிருந்து ஒரே புழுதி. வாஷ்பேசின் வந்துவிட்டது. வெள்ளைப் பீங்கான், பெரிய சைஸ், ஒரு ஆளாகத் தூக்க முடியவில்லை. வெந்நீர்க் கெய்சரும் வந்தாயிற்று. அம்மா சூடம் காட்டாத குறை.

பிளம்பர் பாண்டி அண்ணன் பின்கட்டில் புதிதாக எடுத்த சுவரை விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். முகம் சரியில்லை.

"தம்பி, இது பொள்ளல் செங்கல்லா?"

"ஆமாண்ணே, ஹாலோ பிளாக். கேரளாவுல இருந்து லோடு வந்துச்சு. வெக்கை அடிக்காதுன்னாக."

"வெக்கை அடிக்காது. ஆணியும் நிக்காது. மேல ஓடு மாதிரி தோலு, உள்ள வெறும் பொந்து. அதுவும் நாலு இஞ்ச் சுவரு. இம்புட்டு வெயிட்ட எதுல மாட்டச் சொல்றீக?"

இரண்டு வழி சொன்னார். ஒன்று: பிராக்கெட் வரும் இடத்தில் கல்லை வெட்டி, உள்ளே ஜல்லிக் கலவை அடைத்து, ஒரு வாரம் தண்ணீர் காட்டி இறுகவிட்டு மாட்டுவது. இல்லையென்றால் சுவரை முழுக்கத் துளைத்து போல்ட் விட்டு, அந்தப் பக்கம் இரும்புத் தகடு வைத்து முறுக்குவது.

ஒரு வாரத்துக்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை காரியாபட்டியிலிருந்து பெண் வீட்டார், செல்வி வீட்டு ஆட்கள், வீடு பார்க்க வருகிறார்கள். அதற்கடுத்த வாரம் ஆடி பிறந்துவிடும். ஆடி முழுக்கக் கல்யாணப் பேச்சே கிடையாது. தகடு வைத்தால் பாத்ரூம் பக்கம் புது டைல்ஸ் மேல் துருத்திக்கொண்டு தெரியும். அதையா அவர்களுக்குக் காட்டுவது? இரண்டும் வேண்டாம் என்றுவிட்டேன்.

வாங்க வேண்டியது:
கண்ணாடி (செல்வி கேட்டது)
சோப்பு டப்பா
வெள்ளை சிமெண்ட்
வாழை இலை, சனி சாயங்காலம்
எனக்கு ஒரு சட்டை

ஜூலை 5, புதன்

பிரஸ்ஸில் மூச்சுவிட நேரமில்லை. ஆடிப் பதினெட்டுக்குள் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரி ஆல்பம் முடிந்தாக வேண்டும். காலை எட்டு மணியிலிருந்து கட்டிங் மிஷின் முன்னால் நின்றபடி.

மத்தியானம் செல்வி போன், அவள் ஊர் பூத்திலிருந்து என் செல்போனுக்கு. பெண் பார்த்துவிட்டு வந்தபின் இது நாலாவது தடவை. யாருக்கும் தெரியாது.

"கண்ணாடி வாங்கிட்டீகளா?"

"இன்னும் இல்ல."

"என் உசரத்துக்கு மாட்டுங்க. உங்க உசரத்துக்கு மாட்டிட்டு என்னைய எக்கிப் பாக்க வச்சிராதீக."

சிரித்தாள். எனக்கு முப்பத்துநாலு வயசு. ஏழு இடம் பார்த்துத் தட்டிப்போயிருக்கிறது. ஒரு பெண் என்னோடு உயரத்துக்காகச் சண்டை போடுவாள் என்று நினைத்ததே இல்லை. மிஷினுக்குத் திரும்பியும் சிரித்துக்கொண்டே இருந்தேன் போல. பக்கத்து மிஷின்காரர், "என்னலே, போனஸ் போட்டுட்டாகளா?" என்றார்.

ஜூலை 7, வெள்ளி

மாட்டியாயிற்று. ஸ்குரூ முறுக்கினால் உள்ளே விரிந்து பிடிக்கிற பிளாஸ்டிக் பிளக் நாலு, நீள ஸ்குரூ நாலு. பாண்டி அண்ணன் மனசில்லாமல்தான் செய்தார். கெய்சரைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். "தலைக்கு மேல தொங்குற சாமான். உசுரு சமாச்சாரம். வேற ஆளப் பாத்துக்கிடுங்க." கெய்சர் பெட்டியோடு மூலையில்.

போகும்போது, "தண்ணி மட்டும் தொறங்க. யாரும் கைய ஊனிராம பாத்துக்கிடுங்க" என்றார். சரி என்றேன்.

பார்க்க என்ன அழகாக இருக்கிறது! கண்ணாடியை அவள் உயரத்துக்கே மாட்டினேன். குனிந்தால்தான் என் முகம் தெரிகிறது. பரவாயில்லை, அவ்வளவு மோசமில்லை.

ஜூலை 9, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

வந்தது ஆறு பேர். தாய்மாமன்தான் முக்கியம். செல்விக்கு அப்பா இல்லை, அவர் சொல்தான் அந்த வீட்டில் சட்டம். நல்ல கனத்த ஆள். வீடு பிடித்துவிட்டது. "பரவால்லயே மாப்ள, தண்ணி வசதியெல்லாம் பிரமாதமா பண்ணி வச்சிருக்கீக." மாப்ள என்றார். அடுப்படியில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தார். கை ஊன்றாதீர்கள் என்று வீடு பார்க்க வந்தவரிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை. வாய் கொப்பளிக்கக் குனிந்தவர் இடது கையை விளிம்பில் ஊன்றினார்.

பிராக்கெட் இரண்டும் பிடுங்கிக்கொண்டு வந்தன. பிளக் நாலும் முழுசாக வெளியே, ஒன்றுகூட விரியவில்லை. கல்லின் மேல்தோல் அரை இஞ்ச் இருந்தால் அதிகம். உள்ளே கை நுழையும் அளவுக்குப் பொந்து. பீங்கான் மூன்று துண்டு. குழாய் முறிந்து தண்ணீர் பீய்ச்சியது, நான்தான் ஓடிப்போய் வால்வை அடைத்தேன். மாமாவுக்குக் காலில் அடி. கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டார்கள்.

வாசலில் அவர்களோடு வந்த ஒரு அம்மா: "கை வச்ச எடமே இடிஞ்சு விழுதே, தாயே."

ஜூலை 10, திங்கள்

கல்யாணத் தரகர் வந்தார். உட்காரவில்லை. காபி வேண்டாமாம். "அவுக யோசிக்கணும்ங்காக." என்ன யோசனை என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

எனக்கா தெரியாது? சகுனம்! பொள்ளல் கல்லில் பிளாஸ்டிக் பிளக் நிற்காது, இதில் எந்தச் சாமிக்கு என்ன வேலை? கிரகத்தையும் நேரத்தையும் கட்டிக்கொண்டு அழுகிற ஜனங்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கையை நாலு ஸ்குரூவை வைத்தா முடிவு செய்வது?

அம்மா, "ஒரு வாரம் பொறுத்திருக்கலாம்லப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்கப்புறம் சாப்பிடவுமில்லை, பேசவுமில்லை.

செல்வி போன் இல்லை.

ஜூலை 12, புதன்

லீவு. சீசன் நேரத்தில் லீவா என்று மேனேஜர் கத்தினார். கத்தட்டும்.

பாண்டி அண்ணனைக் கையோடு கூட்டி வந்தேன். புது பேசின். இந்தத் தடவை முழுக்கத் துளைத்து போல்ட், டைல்ஸ் மேல் தகடு. அசிங்கமாகத்தான் தெரிகிறது, தெரிந்துவிட்டுப் போகட்டும். கெய்சரும் அதே மாதிரி. முடித்ததும் பேசின் மேல் ஏறி உட்கார்ந்தேன். எழுபது கிலோ. அசையவில்லை.

"எறங்குங்க தம்பி, போதும்."

இறங்க முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. வாஷ்பேசினில் உட்கார்ந்து அழுதவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். எனக்கு அவள் வேண்டும். வேறு ஒன்பதாவது இடம், பத்தாவது இடம் எதுவும் வேண்டாம்.

சாயங்காலம் தரகர் வீட்டுக்கே போனேன். மாமாவைக் கூட்டி வாருங்கள், அவரே ஏறி நின்று பார்க்கட்டும் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வாஷ்பேசினப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கீகளே தம்பி."

ஜூலை 14, வெள்ளி

அம்மாவோடு இருக்கன்குடி அம்மன் கோயில். கால் வைக்க இடமில்லாத கூட்டம். அம்மா என்னவோ நேர்ந்துகொண்டாள், கேட்கவில்லை. நான் கேட்டது ஒன்றுதான்: போன் வரணும்.

ஜூலை 16, ஞாயிறு

வந்தது. காலை பத்தே கால்.

"நாந்தான். வெளிய ஆளு நிக்கி, வெரசாப் பேசணும்."

மூச்சுவிடாமல் சொன்னேன். போல்ட், தகடு, எழுபது கிலோ, சகுனமுமில்லை ஒன்றுமில்லை, கல்தான் காரணம். முழுக்கக் கேட்டாள்.

"எங்க வீட்டுல சகுனம்னு யாரும் சொல்லலியே."

"பெறகு என்னவாம்?"

"மாமாவுக்குக் கால் வெரல் ரெண்டு ஒடைஞ்சு போச்சு. ரத்தத்தோட கீழ கெடந்தாராம். நீங்க அவரத் தாண்டிப் போயி, சுவத்து ஓட்டைக்குள்ள கைய விட்டுப் பாத்தீகளாம். 'பொள்ளல் கல்லு, அப்பவே சொன்னாக'ன்னீகளாம். அவரத் தூக்கவே இல்லியாம். இன்னைய வரைக்கும் எப்பிடி இருக்காருன்னு ஒரு வார்த்தை கேக்கலியாம்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"எனக்கு அப்பா மாதிரி அவரு. நாளைக்கு நான் விழுந்து கெடந்தாலும் இப்பிடித்தான் தாண்டிப் போவாருங்காக. கூட்டிச் சொல்றாகளோன்னு நெனச்சேன். அதான் உங்ககிட்டயே கேக்கேன். நெசமா?"

யோசித்துப் பார்த்தேன். சுவருக்குள் கை போனது நினைவிருக்கிறது. உள்ளே சில்லென்று இருந்தது. மாமா எந்தப் பக்கம் விழுந்து கிடந்தார் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

"நெசந்தான்" என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ பூத்துக் கதவைத் தட்டினார்கள்.

"இல்லைன்னு சொல்லுவீகன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்."

வைத்துவிட்டாள். அதே நம்பருக்குத் திரும்ப அடித்தேன். பூத்துக்காரர் எடுத்தார். அந்தப் பிள்ளை அப்பவே போயிருச்சு என்றார்.