பதினொன்று அடிப்பதற்குள்

அன்புள்ள மால்ட்டே,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். ரவுன்ஹைமில் எல்லோரும் படுத்தாயிற்று. வீட்டுக்கு மேலே விமானச் சத்தமும் அடங்கிவிட்டது. பகலில் எழுத உட்கார்ந்தால் தில்டா மடியில் ஏறிக் கணினியைத் தட்டுகிறாள். தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் சொல்லத் தொடங்கினால் நான் அழுதுவிடுவேன், நீ சமாதானப்படுத்தத் தொடங்கிவிடுவாய். எனக்குச் சமாதானம் வேண்டாம். கோபமாக இருக்கிறேன். அது சிந்தாமல் உன்னிடம் வந்து சேரட்டும்.

முதலில் குழந்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நன்றாக இருக்கிறாள். காய்ச்சல் இறங்கிவிட்டது. இன்று மதியம் உருளைக்கிழங்கு மசியல் சாப்பிட்டாள், பாதியைத் தலையில் தேய்த்துக்கொண்டாள். "லேசான காய்ச்சல், இப்போது தேவலை" என்று உனக்குச் செய்தி அனுப்பியிருந்தேன் அல்லவா? அதில் பாதிதான் உண்மை. சாவோ பாலோவிலிருந்து நாளை மாலைதான் நீ கிளம்புகிறாய். மீதியைப் படித்து ஆறுவதற்கு உனக்கு ஒரு முழுப் பகல் இருக்கிறது.

நீ புறப்பட்ட அன்று மதியம் வழக்கம்போல் படுக்கையறைத் திரையை இழுத்துவிட்டாய். தில்டாவுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, உடம்பும் கதகதவென்று இருந்தது. வெளியே தூறல். இன்றைக்கு மட்டும் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேனே, சத்தம் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது.

"ரீக்கே, ராத்திரி முந்நூறு பேரு என்னை நம்பி ஏறப் போறாங்க. நான் தூங்கியாகணும். அவளை ஒரு சுத்து வெளிய கூட்டிட்டுப் போயிட்டு வாயேன்."

முந்நூறு பேர் என்றதும் நான் வாயை மூடிக்கொள்வேன் என்று உனக்குத் தெரியும். மூடிக்கொண்டேன். தள்ளுவண்டிக்கு மழை உறையைப் போட்டு மாயின் ஆற்றங்கரையில் நடந்தேன். மழை வலுத்ததும் ரொட்டிக் கடைக்குள் போய் நின்றேன். அங்கேதான் அவளுக்கு வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, உதடு நீலமாகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. நான் மருந்தியல் படித்தவள். காய்ச்சல் வலிப்பைப் பற்றிப் பரீட்சை எழுதித் தேறியவள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கடைக்காரப் பெண்தான் அவளைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு ஆம்புலன்சுக்குச் சொன்னாள்.

உன்னை அழைத்தேன். கைபேசி அணைந்திருந்தது. ரூசல்ஸ்ஹைம் மருத்துவமனைக்குப் போகும் வழியில் உன் செய்தி வந்தது: "இன்னுமா சுத்துறீங்க? காத்திருக்க நேரமில்ல, கிளம்புறேன். சின்னவளுக்கு முத்தம்."

அப்போது நான் அழைத்திருக்கலாம். நீ எடுத்திருப்பாய். ஆனால் விமானி வீட்டில் வாழ்க்கைப்படும் எல்லோருக்கும் முதலில் சொல்லித்தரப்படும் விஷயம் ஒன்று உண்டு. புறப்படப் போகிறவரிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது. இறங்கிய பிறகு சொல்லிக்கொள்ளலாம். உன் அம்மா அப்படித்தான் உன் அப்பாவை அனுப்பிவைத்தார்களாம், பெருமையாகச் சொல்வார்கள். நானும் அனுப்பிவைத்தேன். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்த உன் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லபடி போயிட்டு வா" என்று எழுதினேன். நீ ஒரு இதயப் படம் அனுப்பினாய்.

அவள் தூங்கிய பிறகு மருத்துவமனை ஜன்னல் ஓரம் நின்றேன். பத்து மணிக்குப் பிறகு வழக்கம்போல் பெரிய விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. ஜோகன்னஸ்பர்க், சிங்கப்பூர், புவனோஸ் ஐரிஸ் எல்லாம் போயிற்று. உன்னுடையது தாமதம் என்று கைபேசி காட்டியது. பதினொன்று அடித்துவிட்டால் பிராங்க்ஃபர்ட்டில் தனி அனுமதி இல்லாமல் எதுவும் மேலே ஏற முடியாது. பெட்டி ஏற்றுவதில் ஏதாவது சிக்கல் வரட்டும், யாராவது ஒரு பயணி காணாமல் போகட்டும், மணி அடித்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அந்த முந்நூறு பேரும் பயணம் கெட்டுத் தங்குவிடுதியில் கிடக்கட்டும் என்று மனதார வேண்டினேன். பத்தே முக்காலைத் தாண்டி நீ கிளம்பிவிட்டாய்.

இதுவரை என் கோபம் உன் வேலைமேல்தான் இருந்தது. உன்மேல் திரும்பியது நேற்று, கரோலா சூப் கொண்டுவந்தபோது. அவளுடைய ஃபோல்கர் உன் விமானத்தில்தானே கேப்டன், நடந்ததைச் சொன்னேன். தலையெழுத்து, கம்ப்யூட்டர் எப்போதும் மால்ட்டேவுக்கு இரவு விமானத்தையே போடுகிறது, நியூயார்க், சிகாகோ என்று காலையில் கிளம்புவதெல்லாம் மூத்தவர்களுக்கே போய்விடுகிறது என்றேன். நீ சொன்னதைத்தான் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"கம்ப்யூட்டரா? அவரு கேட்டுல்ல வாங்குறாரு. நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சு செய்றீங்கன்னு நெனச்சேன். எங்க வீட்டுக்காரர் கிண்டலே பண்ணுவாரு, மால்ட்டே தூங்கணும்னா தென்னமெரிக்கா வரைக்கும் போவான்னு."

நான் சிரித்தேன், மால்ட்டே. ஆமாம், பேசி வைத்துத்தான் என்று அவளிடம் பொய் சொன்னேன். உன் மானத்தைக் காப்பாற்றினேனா, என் மானத்தையா என்று இன்னும் தெரியவில்லை.

தில்டா பிறந்ததிலிருந்து இரவு விமானம்தான். புறப்படும் நாளெல்லாம் சாத்திய கதவு. அங்கே போனதும் விடுதியில் இருட்டறை, வெள்ளைப் படுக்கை, அழுகை இல்லாத ஒரு இரவு. உனக்கு அது வேண்டியிருந்தது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கும்தான் வேண்டியிருக்கிறது. "ரீக்கே, என்னால முடியல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முறை வைத்துத் தூங்கியிருப்போம். நீ அதற்குப் பதிலாக முந்நூறு பேரை என் எதிரில் நிறுத்தினாய். உடம்பு சரியில்லாத குழந்தையோடு என்னை மழையில் நடக்கவைத்தாய்.

காய்ச்சல் வந்தால் வலிப்பு மறுபடி வரலாம் என்று மருத்துவர் சொன்னார். பெரும்பாலும் ஆபத்தில்லையாம், வளர வளரப் போய்விடுமாம். நான் அவள் நெற்றியில் கை வைத்தபடியே படுக்கிறேன். கை மரத்துப்போனால் மற்றக் கையை வைக்கிறேன்.

டிசம்பரில் எந்தெந்த விமானம் வேண்டும் என்ற விருப்பங்களைச் சனிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டுமாம், கரோலா சொன்னாள். காலை விமானங்களைக் கேள். கிடைப்பது கிடைக்கட்டும், நீ கேட்டிருக்கிறாய் என்பதை நான் பார்க்க வேண்டும். முந்தின இரவு எங்களோடு தூங்கி எழுந்து போ. இனி நல்லதோ கெட்டதோ, கதவைத் தட்டிச் சொல்வேன். நீ போக முடியாவிட்டால் அந்த முந்நூறு பேருக்கு வேறொரு விமானி வருவார். அதற்கென்றே ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். தில்டாவுக்கு அப்படி யாரும் இல்லை.

கேட்க மாட்டாய் என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடு. காஸலில் என் அண்ணன் ஆர்னே, தன் வீட்டு மாடி அறை காலியாக இருக்கிறது என்கிறான். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

நாளை வயிறாரச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து விமானத்தை எடு. எல்லோரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர். நீயும் பத்திரமாக வா. இவ்வளவு எழுதிய பிறகும் இதை மனதிலிருந்துதான் சொல்கிறேன்.

சனிக்கிழமை வரை காத்திருக்க வைக்காதே. படித்ததும் பதில் எழுது.

உன்,
ரீக்கே