முதல் சுண்டு லாபம்

நாப்போலி, இத்தாலி.
பங்குனி இரண்டாம் ஞாயிறு.

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் இந்திராணி எழுதிக்கொள்வது. நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குருவிட்டயில் மழை தொடங்கிவிட்டதென்று செய்தியில் பார்த்தேன். லயத்து வீடுகளுக்குப் பின்னால் உள்ள படியில் விறகோடு இறங்காதீர்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தங்கச்சி கேட்பாள். போனை எடுத்தால் எனக்குப் பேச்சு வருவதில்லை. கலா, இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது எந்த இடத்தையும் தாண்டிப் போகாதே.

பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத லீவு எடுத்து வந்த நான், இங்கே ஒரு முதிய அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். அவர் வீடு நாலாம் மாடியில். ரொட்டி வேண்டுமென்றால் பால்கனியிலிருந்து கயிற்றில் வாளியை இறக்கிவிடுவார். கீழே கடைக்காரன் ரொட்டியைப் போட்டு ஒரு சத்தம் கொடுப்பான். முதலில் வாளி யார் தலையிலாவது விழுமோ என்று பயந்தேன். இப்போது நானே இறக்குகிறேன்.

வந்த புதிதில் பஸ் நிற்கும் தெருவைத் தவிர எதுவும் தெரியாது. இப்போது ஓய்வு நாளில் தனியாக நடக்கிறேன். மேட்டுக்கு ஏறும் கம்பி ரயிலில் போய் உட்கார்ந்தால் கடலும், அதற்கு அப்பால் நெருப்பு மலையும் தெரியும். அந்த மலையைப் பார்த்தபடி இவர்கள் வீட்டுக்கு வீடு கொடி கட்டித் துணி காயப்போடுகிறார்கள். மீன் சந்தையில் விலை பேசும் அளவுக்கு இத்தாலி பாஷை வந்துவிட்டது. நம் நாட்டுக் கடைகள் ஒரு தெரு முழுக்க இருக்கின்றன. கருவாடு, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கிறது.

நான் தங்கியிருப்பது குசுமா அக்கா வீட்டில். எஹலியகொடைக்காரர், தங்கச்சி முறையில் என்னை நங்கி என்று கூப்பிடுவார். அங்கே இன்னும் இரண்டு பெண்கள். எல்லோரும் சிங்களவர்கள், நல்லவர்கள். நான் போன அன்று ஊர் எது என்று கேட்டார்கள். குருவிட்ட என்றேன், தோட்டத்தைச் சொல்லவில்லை; சொன்னால் தமிழ் என்று தெரிந்துவிடும். இந்திராணி என்ற பெயர் அவர்களிலும் உண்டு. நம் பக்கத்துச் சிங்களம் என் வாயில் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் எதுவும் நினைக்குமுன் நான் பொட்டை எடுத்துவிட்டேன். பௌர்ணமிப் போயா தினத்தில் வெள்ளை உடுத்து விகாரைக்கும் போனேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை அம்மா. அறை போய்விடுமோ என்று நானாகவே பயந்தேன். பிள்ளைகளுக்குச் சமூகக்கல்வி படிப்பித்தவள் நான்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு நீங்கள் கூப்பிட்டீர்கள். எல்லோரும் அடுப்படியில் இருந்தோம். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது. "இந்திரா, சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டீர்கள். நம்பர் பிழை என்று நான் சிங்களத்தில் சொன்னேன்.

"சமாவென்ன நோனா" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள்.

கலாவின் போனில் என் படத்தைப் பார்த்து அழுத்துகிறவர் நீங்கள். அதில் நம்பர் பிழைக்க வழியில்லை. பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள், மகளுக்கு ஏதோ சங்கடம் என்று விளங்கித்தான் சொன்னீர்கள். உங்களுக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லில் இரண்டை எடுத்து என்னைக் காப்பாற்றினீர்கள். துரை வீட்டு நோனாவிடம் மன்னிப்புக் கேட்கும் அதே குரலில்.

குசுமா அக்கா அடுப்பிலிருந்து திரும்பாமலே சிங்களத்தில் கேட்டார். "அம்மாகிட்டயா நங்கி அப்படிச் சொன்னே?"

நான் தமிழ் என்று அவருக்கு முதல் வாரமே தெரியுமாம். சோறு ஆக்க அரிசி அளந்தபோது நான் முதல் சுண்டை ஒன்று என்று எண்ணாமல் லாபம் என்று எண்ணியிருக்கிறேன். நீங்கள் பழக்கியது, எனக்கே தெரியாமல் வாயில் வந்திருக்கிறது. அவர் சின்ன வயதில் அரிசி வாங்கிய தமிழ் முதலாளியும் அப்படித்தான் எண்ணுவாராம். "லாபம் உனக்கு, மிச்சம்தான் எங்களுக்குன்னு மத்த ரெண்டு பேருகிட்டயும் சொல்லிச் சிரிச்சேன்" என்றார். பிறகு சிரிக்காமல், "நாங்க துரத்திருவோம்னு நெனச்சியா?" என்று கேட்டார். அவரே சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்தார்.

ஒளித்தது நான் ஒருத்திதான். அவர்களை நம்பாததும் நான்தான். உங்களை யாரோ ஆக்கியதும் நான்தான். அதற்குப் பிறகு நீங்கள் கூப்பிடவேயில்லை. கலாவிடம் கேட்டால், அம்மா வேண்டாம் என்கிறார் என்கிறாள். கோபமென்றால் தாங்கிக்கொள்வேன். எனக்கு இடைஞ்சல் என்று நினைத்து நிற்கிறீர்களோ என்பதுதான் தாங்கவில்லை.

குசுமா அக்காவின் தம்பி வருஷப் பிறப்புக்கு இங்கிருந்து ஊருக்கு வருகிறார். இந்தக் கடிதத்தை அவர் கையில்தான் தருகிறேன். தோட்டத்தின் பெயர், லயம், நம் காம்பராவின் கதவு நிறம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுங்கள்.

வருஷத்தன்று காலையில் இங்கே எல்லோரும் அடுப்படியில் இருப்போம். அன்றைக்கு அரிசியை நான்தான் அளப்பேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அந்த நேரம் கூப்பிடுங்கள் அம்மா. கையைத் துடைத்துவிட்டு நானே ஸ்பீக்கரில் போடுகிறேன். சாப்பிட்டியா என்று கேளுங்கள். ஏசினாலும் சரி, எல்லோரும் கேட்கத் தமிழில் ஏசுங்கள்.

நோனா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மகள்,
இந்திராணி