அடிப்பிடித்த பால்

பெப்ரவரி, இரண்டாம் செவ்வாய். இரவு.

இன்று மில்லிக்கன் பகுதியில் ஒரே ஒரு வீடுதான். பெருந்தொற்றில் தப்பியவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது என் வேலை. அந்த வீட்டு அங்கிளும் அன்ரியும் மட்டும் இருந்தார்கள். வீட்டில் முதலில் யாருக்குத் தொற்றியது என்று கேட்டேன்.

“நான்தான் வேலையிடத்தால கொண்டுவந்தனான்,” என்றார் அங்கிள். பிறகு நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கேள்விக்கு முன்பே அன்ரி குறுக்கிட்டார். “எனக்கு இப்ப ஒரு குறையும் இல்லைப் பிள்ளை. மணம், ருசி எல்லாம் வந்திட்டுது. இரும், தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்.”

கொஞ்ச நேரத்தில் பால் அடிப்பிடிக்கும் மணம் நாங்கள் இருந்த இடம்வரை வந்தது. அடுப்பருகில் நின்ற அன்ரிக்கு மட்டும் அது எட்டவில்லை. சிரித்துப் பேசிக்கொண்டே ஊற்றினார். அங்கிள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் தாரும்,” என்றார். நானும் மிச்சம் வைக்கவில்லை.

வழியனுப்ப வந்தபோது அங்கிள் குரலைத் தாழ்த்தினார். “கேஸ் ஒழுகினாலும் அவவுக்கு மணக்காதெண்டுதான், அடுப்பு பழசாப் போச்செண்டு சொல்லிக் கரண்ட் அடுப்புக்கு மாத்திப்போட்டன். மனுசிக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

காருக்குள் இருந்து, படிவத்தில் ‘மணம் தெரிகிறது’ என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். அன்ரி சொன்னதைத்தானே எழுத வேண்டும். குறிப்புக்கென்று கீழே மூன்று வரி இடம் இருக்கிறது. அதை நிரப்பவில்லை. நாளை காலை படிவத்தை அனுப்ப வேண்டும்.

பல் துலக்கிய பிறகும் நாக்கில் கருகல் இருக்கிறது.